‘ஸ்ட்ரைக் அவுட்’ என்று ட்ரைபியூனல் கடிதம் வந்தால்

தம்பி, கேர் ஹோம் சம்பளப் பாக்கிக்காக நீங்கள் இங்கே பிரிட்டனில் எம்ப்ளாய்மென்ட் ட்ரைபியூனலில் (வேலை சம்பந்தமான வழக்குகளை விசாரிக்கிற மன்றம்) போட்ட வழக்கு ‘ஸ்ட்ரைக் அவுட்’ ஆகலாம் என்று கடிதம் வந்திருக்கு, நான் ஸ்ட்ரைக் ஒன்றும் செய்யவில்லையே அண்ணா என்று கேட்டிருந்தீர்கள். வேலைநிறுத்தத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எழுதினதைக் கோடு கீறி வெட்டிவிடுகிறதுதான் ஸ்ட்ரைக் அவுட். படிவத்தில் பொருந்தாததை வெட்டச் சொல்லும்போதும் இது வரும். பேச்சில் இங்கே எல்லாரும் ‘கிராஸ் அவுட்’ என்பார்கள். பென்சில் எழுத்தை அழிப்பது ‘ரப் அவுட்’.

ட்ரைபியூனல் கடிதத்தில் வந்தால்தான் பாரதூரம். அங்கே வெட்டுப்படுவது உங்கள் வழக்கு. முழுதாகவும் வெட்டலாம், ஒரு பகுதியை மட்டும் வெட்டலாம். வெட்டின பகுதி விசாரணைக்கே போகாது.

ஆனால் கடிதத்தை வடிவாக வாசியுங்கோ. வெட்ட யோசிக்கிறோம் என்றுதானே இருக்கு? உங்களுக்குப் பதில் சொல்ல இடம் தராமல் அவர்கள் வெட்ட முடியாது. நேரில் சொல்ல வேண்டுமென்றால் ‘ஹியரிங்’, அதாவது விசாரணை அமர்வு, கேட்கலாம்.

காரணமும் அதிலேயே எழுதியிருக்கும். ‘நாட் ஆக்டிவ்லி பர்சூட்’ என்றால், வழக்கை நீங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறார்கள். முந்திய கடிதத்துக்குப் பதில் போகாவிட்டால் இப்படி வரும். அறை மாறி மாறி இருக்கிற பிள்ளைகளுக்குக் கடிதம் கையில் கிடைக்காமலே போய்விடுகிறது. சொன்ன திகதிக்கு முன் ஈமெயில் போடுங்கோ: மேலே வழக்கு இலக்கம், வழக்கைத் தொடர விரும்புகிறேன் என்று ஒரு வரி, ஏன் பிந்தியது, அவர்கள் கேட்ட ஆவணங்கள், புது விலாசம். முதலாளி தரப்புக்கும் பிரதி போக வேண்டும். ‘நோ ரீசனபிள் ப்ராஸ்பெக்ட்’ என்று எழுதியிருந்தால் கதை வேறு. வெல்ல வாய்ப்பில்லை என்கிறார்கள். அதுக்குத் தனிய எழுதாதேங்கோ. பே ஸ்லிப், ரோட்டா (வேலை நேர அட்டவணை), பாங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் எடுத்துக்கொண்டு, இலவசமாக ஆலோசனை சொல்கிற சிட்டிசன்ஸ் அட்வைஸுக்கோ பக்கத்து லா சென்டருக்கோ போங்கோ.

வெட்டியே விட்டார்கள் என்றாலும், தீர்ப்பை அனுப்பின நாளிலிருந்து 14 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம்.

இன்னொன்று, ‘ஸ்ட்ரைக் ஆஃப்’ வேறு. கம்பனி ஒன்றைப் பதிவேட்டிலிருந்தே நீக்குவது அது. வழக்கு நடக்கும்போதே முதலாளி கம்பனியை மூடப் பார்த்தால் பிறகு காசு வாங்குவது பெரும்பாடு. கம்பனிகளைப் பதிவு செய்கிற அரச அலுவலகமான கம்பனீஸ் ஹவுஸின் தளத்தில் கம்பனிப் பெயரைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம், ‘ஸ்ட்ரைக் ஆஃப்’ அறிவித்தல் இருந்தால் அங்கேயே ஆட்சேபனையும் கொடுக்கலாம். இன்றைக்கே பாருங்கோ.