அலகு வட்டத்தில் எண்சார் தொகையிடலின்போது சில கணுக்களை முன்பே நிலைப்படுத்திவிட்டால் துல்லியம் எவ்வளவு குறையும்?

கிருஷ்ணகிரியிலிருந்து கேட்டிருக்கும் முதுகலை மாணவர், ஒரு கணுவை (சார்பின் மதிப்பை அளந்து, ஓர் எடையால் பெருக்கிக் கூட்டும் புள்ளியை) நிலைப்படுத்துவதற்கும் இரண்டை நிலைப்படுத்துவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை அறிய விரும்புகிறார். தருமபுரியில் இப்பாடத்தைக் கற்பிக்கும் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

வட்டத்தின் மேல் தொகையிட உதவும் செகோ வாய்பாடு n கணுக்களைக் கொண்டிருந்தால், வட்டத்தின் புள்ளி z-இன் −(n−1) முதல் n−1 வரையிலான அடுக்குகள் அனைத்தையும் பிழையின்றித் தொகையிடும். அதன் கணுக்கள், zφ + τφ* என்ற பாரா-செங்குத்துப் பல்லுறுப்புக்கோவையின் பூச்சியங்கள். இங்கே φ என்பது எடைச்சார்பை (வட்டத்தின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று காட்டும் சார்பை) பொறுத்து அமையும் n−1 படியுள்ள செங்குத்துப் பல்லுறுப்புக்கோவை, φ* அதன் தலைகீழ் வடிவம், τ என்பது மட்டு 1 உடைய ஏதேனும் ஒரு கலப்பெண். வட்டத்தின் மேல் φ, φ* இரண்டின் மட்டு மதிப்புகளும் சமம் என்பதாலும், அவை அங்கே பூச்சியமாவதில்லை என்பதாலும், நாம் விரும்பும் எந்தப் புள்ளியையும் கணுவாக்கும் τ ஒன்று கட்டாயம் இருக்கும். எனவே ஒரு கணுவை நிலைப்படுத்துவதால் எந்த இழப்பும் இல்லை. நேர்கோட்டில் கணுக்களைத் தடையின்றித் தேரும் காஸ் வாய்பாட்டிலிருந்து, ஒரு முனையைக் கணுவாக நிலைப்படுத்தும் ராடோ வாய்பாட்டுக்கு மாறும்போது ஒரு படி குறைவதை நினைத்தால், வட்டத்தின் இந்தத் தாராளம் வியப்பளிக்கிறது.

இரண்டு கணுக்களை நிலைப்படுத்த τ மட்டும் போதாது. செங்குத்துப் பல்லுறுப்புக்கோவைகளைப் படிப்படியாக உருவாக்கும் மீள்தொடர்பின் கெழுக்களான ஷூர் அளவுருக்களுள் கடைசியையும் மாற்ற வேண்டும். ஜாகெல்ஸ், ரைஷெல் இருவரும் 2007-இல் செகோ–லோபாட்டோ என்ற பெயரில் விவரித்த இவ்வாய்பாட்டில் எடைகள் நேர் எண்களாகவே இருக்கும். ஆனால் துல்லியம் n−2 அடுக்கு வரைதான்.

இதை நம் ஊர் வெப்பநிலையைக் கொண்டு பார்ப்போம். 24 மணி நேரத்தை வட்டமாகக் கொண்டால், z-இன் k, −k அடுக்குகள் நாளுக்கு k முறை ஏறி இறங்கும் அலையைக் குறிக்கும். மூன்று அளவீடுகளால் ஒரு நாளின் சராசரி வெப்பநிலையைக் காண வேண்டும் என்க. காலை 8.30 மட்டும் கட்டாயம் என்றால், மாலை 4.30, நள்ளிரவு 12.30 ஆகியவற்றைச் சேர்த்துச் சம எடை கொடுத்தால் போதும். நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் முதல் அலையும் இருமுறை ஏறி இறங்கும் இரண்டாம் அலையும் பிழையின்றி நீங்கிவிடும். வானிலைத் துறையின் வழக்கமான பதிவு நேரங்களான காலை 8.30, மாலை 5.30 இரண்டும் கட்டாயம் என்றால், அவற்றுக்கு இடையே 135 பாகை இருப்பதால், மூன்றாவது அளவீட்டை இரவு 8.30-க்குப் பின், அதிகாலை 5.30-க்கு முன் எடுத்தால்தான் எடைகள் மூன்றும் நேர் எண்களாக அமையும். அந்த இடைவெளியில் எந்த நேரமும் முதல் அலையை நீக்கிவிடும். இரண்டாம் அலை எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் நேரத்துக்கு நேரம் மாறும். இரவு 1 மணி என்றால் எடைகள் 0.362, 0.362, 0.277, இரண்டாம் அலையின் வீச்சில் அதிகபட்சம் 0.235 பங்கு பிழையாக நிற்கும். 2.30 என்றால் எடைகள் 0.293, 0.414, 0.293, பிழை 0.414 பங்கு வரை போகும். லோபாட்டோ வாய்பாட்டில் எஞ்சும் இந்தச் சுதந்திரத்தைக் கருதாமல், கிடைத்த முதல் தீர்வை எடுத்துக்கொள்வது சரியன்று என்பது என் உறுதியான கருத்து.

எடைச்சார்பு சீராக இருந்தால், இரு புள்ளிகளின் கோண வேறுபாடு 360/n பாகையின் மடங்கா என்று முதலில் பாருங்கள். மேற்கண்ட 135 பாகை 45-இன் மடங்கு. ஆகவே மூன்று மணிக்கு ஒருமுறை என எட்டு அளவீடுகள் கிடைக்குமானால், இரு நேரங்களும் அவற்றுள் அடங்கி, ஏழாம் அலை வரை எந்த இழப்பும் இராது. பிற எடைச்சார்புகளுக்கு ஷூர் அளவுருக்களால் அமையும் யூனிட்டரி ஹெசன்பர்க் அணியை (முதன்மை மூலைவிட்டத்துக்கு அடுத்த கீழ் மூலைவிட்டத்துக்கும் கீழே பூச்சியங்களே உள்ள அணியை) அமைத்தால், அதன் ஐகன் மதிப்புகள் கணுக்களாகவும், அலகு நீள ஐகன் திசையன்களின் முதல் கூறுகளுடைய மட்டின் வர்க்கங்கள் எடைகளாகவும் கிடைக்கும்.