கழிவுநீர் ரிட்டர்ன் ஆகும்போது என்ன செய்வது? சென்னை வீட்டுக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி மழை பிடித்ததும், கழிவுநீர் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பி ஏறும் இந்தத் தொல்லை தரைத்தள வீடுகளில் ஆரம்பித்துவிடும். பிளம்பிங் வேலையில் இருப்பதால் என்னிடம் பலர் கேட்கிறார்கள். வந்த கேள்விகளைச் சுருக்கி, பதிலோடு தருகிறேன்.

வில்லிவாக்கம்: சார், மாடி வீட்டில் வாஷிங் மெஷின் ஓடினால் எங்கள் குளியலறை நஹானி ட்ராப்பில் (தரையில் தண்ணீர் வடியும் துளை) கறுப்புத் தண்ணீர் பொங்குகிறது. டாய்லெட்டிலும் குமிழ் வருகிறது. பிளம்பரைக் கூப்பிடுவதா, மெட்ரோ வாட்டரை (சென்னைக் குடிநீர், கழிவுநீர் வாரியம்) கூப்பிடுவதா?

அதற்கு முன்னால் தண்ணீர்ப் புழக்கத்தை நிறுத்துங்கள். உங்கள் வீட்டில் மட்டும் நிறுத்தினால் போதாது. மாடியில் ஒரு வாளி ஊற்றினால் அது உங்கள் தரையில்தான் வந்து நிற்கும். எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டு, மொட்டை மாடி டேங்க் வால்வை மூடிவிடுங்கள். யாரும் மறந்துபோய்க் குழாயைத் திறந்துவிட முடியாது.

ஒரு சிங்க் மட்டும் அடைத்திருந்தால் கிளைக் குழாயில் கோளாறு. இரண்டு மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் வந்தால், அதுவும் தாழ்வான இடத்தில் முதலில் வந்தால், கிளைகள் எல்லாம் சேரும் மெயின் லைனில்தான் கோளாறு.

அப்புறம், தெருவை ஒட்டிக் கடைசியாக உள்ள சேம்பர் (கழிவுநீர்க் குழாய்கள் சேரும் தரையடித் தொட்டி) மூடியைத் திறந்து பாருங்கள். திறந்ததும் கொஞ்ச நேரம் தள்ளி நில்லுங்கள். முகத்தை நீட்டிப் பார்க்காதீர்கள், பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பற்றவைக்கக் கூடாது. அந்த சேம்பர் நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால், தெருப் பக்கம் இருக்கிறது. 1916-க்கு அழைத்து மெட்ரோ வாட்டரில் புகார் பதியுங்கள். தெரு மேன்ஹோலும் வழிகிறதா என்று பார்த்துச் சொன்னால் அவர்களுக்கு உதவியாக இருக்கும். கடைசி சேம்பர் காலியாக இருந்தால் கோளாறு உங்கள் காம்பவுண்டுக்குள். ஒவ்வொரு சேம்பராகப் பின்னால் பார்த்துக்கொண்டே போங்கள். காலி சேம்பருக்கும் நிரம்பிய சேம்பருக்கும் நடுவில்தான் அடைப்பு. இதைத் தெரிந்துகொண்டு பிளம்பரை அழைத்தால் கண்ட இடத்தில் தரையை உடைக்க வேண்டியிருக்காது.

அம்பத்தூர்: கடைக்காரர் ஆசிட் கொடுத்தார். ஊற்றலாமா?

வேண்டாம். மெயின் லைன் அடைத்திருக்கும்போது குழாய் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. ஆசிட் அதில் கரைந்து போகும், அடைப்பைத் தொடாது. பிறகு மூங்கில் பத்தையைக் குழாய்க்குள் விட்டு அடைப்பெடுக்க வருகிறவர் முகத்திலும் கையிலும்தான் அது தெறிக்கும். ஏற்கனவே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். ஊற்றிவிட்டீர்கள் என்றால், வேலைக்கு வருகிறவரிடம் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தாம்பரம் அருகே: எங்களுக்குப் பாதாளச் சாக்கடை இல்லை, செப்டிக் டேங்க்தான். நிரம்பி வழிகிறது. லாரி வர நாளாகும் என்கிறார்கள். ஒருவர் தானே இறங்கி அள்ளித் தருவதாகச் சொல்கிறார், கூலிக்கும் சம்மதித்துவிட்டார். விடலாமா அண்ணா?

விடாதீர்கள் தம்பி. மற்ற எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். மேலே தெளிவாக இருந்தாலும், அடியில் சேற்றை மிதித்ததும் வாயு கிளம்பும். சில மூச்சிலேயே ஆள் மயங்கி விழலாம். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் வேண்டாம். உள்ளே மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும், தீ அணையாமல் எரிந்தாலும் விஷ வாயு இல்லை என்று அர்த்தமில்லை.

ஒருவர் விழுந்ததும் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பார், அவரும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான். அப்படி ஏதாவது நடந்தால் யாரையும் இறங்க விடாமல் தடுத்து, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108 அழையுங்கள்.

பாதுகாப்புக் கருவியும் முன்னேற்பாடும் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. வேலைக்கு அமர்த்துகிறவர் மேல்தான் வழக்கு. முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடை மரணத்துக்கு 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் அந்தப் பணத்தால் ஒரு வீட்டுக்கு அப்பா திரும்பி வரப்போவதில்லை. அவர் சம்மதித்தது பசிக்காக. நீங்கள் சம்மதிக்காதீர்கள். உறிஞ்சு லாரிக்கு 14420-இல் கேளுங்கள். லாரி வரும்வரை தண்ணீரைக் குறைத்து, பக்கத்து வீட்டுக் கழிப்பறையைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்துங்கள்.

வேளச்சேரி: மழைக்காலத்தில் மட்டும்தான் ரிட்டர்ன் வருகிறது. கோடையில் ஒன்றுமே இல்லை. ஏன்?

சென்னையில் மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. கழிவுநீர்க் குழாய் மழையைத் தாங்கும் அளவுக்குப் போட்டதல்ல. ஆனால் மொட்டை மாடித் தண்ணீரைக் கழிவுநீர் சேம்பரில் இணைத்தவர்கள் நிறைய. தெருவில் தண்ணீர் வடியட்டும் என்று மேன்ஹோல் மூடியையும் தூக்கிவிடுகிறார்கள். அந்தத் தண்ணீரெல்லாம் மெயினை நிரப்பி, தாழ்வான வீடு எதுவோ அதற்குள் ஏறுகிறது. முதலில் உங்கள் மாடிக் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். அது மழைநீர் சேமிப்புக் குழிக்குத்தான் போக வேண்டும்.

கடைசி சேம்பரில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வராமல் தடுப்பது) போடலாம். வால்வு மூடியிருக்கும்போது உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். மழைக்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் திறந்து கழுவ வேண்டும். துணி, நாப்கின் மாட்டினால் வால்வே அடைப்பாகிவிடும்.

மயிலாப்பூர்: சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) தண்ணீரில் சாக்கடை வாடை. கொதிக்கவைத்துக் குடிக்கலாமா?

குடிக்க வேண்டாம், பல் துலக்கவும் வேண்டாம். மோட்டாரை நிறுத்துங்கள், இல்லையென்றால் மாடி டேங்கும் கெட்டுவிடும். எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடித்து அடைத்த பிறகே சம்ப்பைச் சுத்தம் செய்வதில் பலன் உண்டு. முழுக்க இறைத்துத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஓர் இரவு விட்டு, அதையும் வெளியேற்றுங்கள். சம்ப்புக்குள்ளும் கழிவு வாயு தேங்கியிருக்கலாம். ஆளை இறக்காமல், மேலிருந்தே நீளக் கழி பிரஷால் தேய்க்கச் சொல்லுங்கள்.

அண்ணா நகர்: பழைய வீடு. அடைப்பை எடுத்தாலும் சில மாதத்தில் மறுபடி வருகிறது. வேப்பமரம் காரணமா? வெட்டிவிடட்டுமா?

பழைய பீங்கான் குழாய் என்றால் இணைப்புகளில் வேர் நுழைந்திருக்க வாய்ப்பு அதிகம். கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேர்தான் என்றால் அந்தப் பகுதியை மட்டும் பிவிசிக்கு மாற்றினால் போதும். ஆறு அங்குலக் குழாய்க்கு 60 அடிக்கு ஓர் அடி சரிவு இருக்கிறதா என்று மட்டம் பிடித்துப் பார்த்த பிறகே வேலையை ஒப்புக்கொள்ளுங்கள். மரத்தை விட்டுவிடுங்கள். அதை வெட்டினாலும் உள்ளே புகுந்த வேர் குழாயிலேயேதான் கிடக்கும்.