முன்பே போட்ட டிக் சம்மதம் ஆகுமா?

கேள்வி: பர்கூர் பக்கம் எங்கள் ஊர். மாங்காய் மண்டி விலை, கூழ் ஆலைகளின் கொள்முதல் விலை, மருந்தடிப்புக் குறிப்புகள் ஆகியவற்றை மாதம் ரூ.199 சந்தாவுக்கு இணையதளத்தில் தருகிறோம். கட்டணப் படிவத்தை எங்கள் வசதிக்கு மாற்றியமைத்தோம். ‘மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கவும்’, ‘தோப்புக் கையேடு ரூ.49’ இரண்டிலும் முன்பே டிக் இருக்கும். ஆதார் எண் கட்டாயம். கார்டு எண்ணையும் எங்கள் பக்கத்திலேயே வாங்குகிறோம். மே மாதம் சேர்ந்த சேலத்துக்காரர் ஒருவர், சீசன் முடிந்தும் டிசம்பர் வரை பணம் பிடித்தோம் என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். விதிமுறைப் பக்கத்தில் எல்லாம் எழுதியிருக்கிறோம். வங்கியிலிருந்து எஸ்எம்எஸ்ஸும் போயிருக்கிறது. நாங்கள் பொறுப்பா?

பதில்: பொறுப்புதான். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020-இன் 4(9) விதி, வாங்குபவர் தானே செய்த வெளிப்படையான செயலால்தான் சம்மதம் பதிவாக வேண்டும் என்கிறது. முன்கூட்டியே டிக் போட்ட பெட்டியைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. அந்த டிக் உங்களுடையது, உறுப்பினருடையது அல்ல. விதிமுறைப் பக்கத்தில் நீங்கள் எழுதிவைத்தது அந்தக் குறையை நிரப்பாது.

வங்கி எஸ்எம்எஸ்ஸும் கைகொடுக்காது. அது அறிவிப்பு மட்டுமே, சம்மதம் அல்ல. ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் (தானாகப் பணம் பிடிக்க வாடிக்கையாளர் முன்கூட்டியே தரும் அனுமதி) விதிப்படி, பதிவின்போது ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பும், ஒவ்வொரு பிடித்தத்துக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பு அறிவிப்பும் தேவை. ரூ.15,000 வரையிலான மாதப் பிடித்தத்துக்குப் பொதுவாக மறுபடி ஓடிபி கேட்க மாட்டார்கள். அதனால்தான் அக்டோபரில் தோப்பில் ஒரு காய்கூட இல்லாதபோதும் ரூ.199 சத்தமில்லாமல் போயிருக்கிறது. சீசன் தொழிலுக்கு மாதாந்தரத் தானியங்கிச் சந்தா பொருந்தாது என்பது என் கருத்து. ‘ஏப்ரல் முதல் ஜூலை வரை’ என்று ஒரே கட்டணமாக வைத்தால் இந்த வழக்குக்கே இடமில்லை.

கையேட்டின் ரூ.49-ஐத் தானாகக் கூடையில் சேர்த்தது, 2023 நவம்பர் 30-இல் வெளியான ‘டார்க் பேட்டர்ன்’ (வாங்குபவரை ஏமாற்றும் தள வடிவமைப்பு) தடுப்பு வழிகாட்டுதல்கள் பட்டியலிட்ட 13 வகைகளில் ஒன்று. ரத்து செய்வதைச் சிக்கலாக்குவதும் அதே பட்டியலில் வருகிறது. உறுப்பினரின் கணக்குப் பக்கத்திலேயே ‘சந்தாவை நிறுத்து’ பொத்தான் வையுங்கள். பொத்தான் வைத்த பிறகு ஒரு சோதனைக் கணக்கில் அழுத்திப் பாருங்கள். பல தளங்களில் உறுப்பினர் நிலை ‘ரத்து’ என்று மாறிவிடும். ஆனால் அந்தத் தகவல் கேட்வேக்கு, அதாவது உங்களுக்காகப் பணம் வாங்கித் தரும் சேவைக்கு, போய்ச் சேராமல் மேண்டேட் உயிரோடு இருக்கும், பணமும் பிடிக்கும். கேட்வே டாஷ்போர்டிலும் நின்றுவிட்டதா என்று பார்த்தால்தான் நிச்சயம்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது கார்டு எண்தான். 2022 அக்டோபர் 1 முதல், கார்டு வழங்கிய வங்கியும் விசா, ரூபே போன்ற கார்டு நெட்வொர்க்கும் தவிர வேறு யாரும் கார்டு விவரத்தைச் சேமிக்கக் கூடாது. கடைசி நான்கு இலக்கமும் வங்கியின் பெயரும் வைத்துக்கொள்ளலாம். ‘நாங்கள் சேமிப்பதில்லை’ என்று நம்பிவிடாதீர்கள். தளத்தில் சொந்தமாகச் செய்த படிவங்கள் பெரும்பாலும் ஒவ்வொரு பதிவையும் அட்மின் மின்னஞ்சலுக்கு அனுப்பும், டேட்டாபேஸில் ஒரு நகல் வைக்கும், சர்வர் லாகிலும் (சர்வரின் செயல்பாட்டுப் பதிவேடு) விட்டுவைக்கும். அந்த மூன்று இடங்களிலும் பேக்கப்பிலும் தேடி அழியுங்கள். இனி கேட்வே தரும் கட்டங்களையே பக்கத்தில் பதியச் சொல்லுங்கள். பார்வைக்கு உங்கள் பக்கமாகவே இருக்கும்; எண் நேராகக் கேட்வேக்குப் போய்விடும்.

ஆதார் கட்டத்தை எடுத்துவிடுங்கள். விலைத் தகவல் விற்க ஆதாரைக் கட்டாயமாகக் கேட்பதற்குச் சட்ட அடிப்படை இல்லை. பெயர், கைப்பேசி, மின்னஞ்சல், மாநிலம் போதும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் பில்லுக்கு மாநிலம் தேவைப்படும். பதிவு இல்லாவிட்டால் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது.

நோட்டீசுக்கு வருவோம். மே, ஜூன், ஜூலை சேவையை அவர் பயன்படுத்தியிருந்தால் அந்தத் தொகையைத் திருப்ப வேண்டியதில்லை என்று வாதிடலாம். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஐந்து மாதம் ரூ.995, கையேடு ரூ.49, ஆக ரூ.1,044-ஐ வந்த வழியிலேயே திருப்பிவிட்டு, அந்தப் பரிவர்த்தனை எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்புங்கள். வம்புக்கு நின்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 34-ஆம் பிரிவுப்படி அவர் வசிக்கும் சேலத்திலேயே வழக்குப் போட முடியும். சேவைக்குக் கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்பதால் அவருக்கு வழக்குக் கட்டணமும் கிடையாது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏற வேண்டியது நீங்கள்தான்.

படிவத்தை மாற்றும் முன் இப்போதுள்ள வடிவத்தைத் தேதியுடன் படமெடுத்து, அவருடைய பதிவு விவரத்தையும் கார்டு எண் நீங்கலாக எடுத்து வையுங்கள். நீதிமன்றத்தில் மின்னணு ஆவணம் தாக்கல் செய்ய, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) குறிப்பிட வேண்டும்.

இவை அனைத்துக்கும் முன்னால், இன்றே அவருடைய மேண்டேட்டைக் கேட்வேயில் ரத்து செய்யுங்கள். நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு ஜனவரிக்கும் ரூ.199 பிடித்தால், அதைத் தவறுதல் என்று எந்த நுகர்வோர் ஆணையத்திலும் சொல்லி நிற்க முடியாது.