பழைய ட்ரெயினிங் ப்ளேனை 'ஒரிஜினலா' ரெஸ்டோர் பண்றதுன்னா என்ன?

அது அந்தக் காலத்துல ஏர்ஃபோர்ஸ்ல எப்படி ஓடுச்சோ அப்படியே, மீட்டர், சீட் பெல்ட், எழுத்து வரைக்கும் திரும்பக் கொண்டு வர்றது. 1931ல முதல்ல பறந்த டைகர் மாத்ங்கற ட்ரெயினிங் ப்ளேனையே எடுத்துக்கோங்க, அதுக்கு றெக்கை மேல துணிதான், டோப்னு ஒரு வார்னிஷ் பூசினா காயக் காய துணி பறை மாதிரி விறைச்சுக்கும், அதுக்குப் பதிலா தகடு அடிச்சா வெயிட் ஏறி பேலன்ஸே போயிடும். பின்னாடி சக்கரம்கூட கிடையாது, புல்லுல உரசி நிக்கிற ஒரு முட்டுதான் (பிரேக்கும் இல்லைங்க!).

நம்ம புதுச்சேரி ரொமெய்ன் ரோலண்ட் தெருப் பக்கம் பழைய வீட்டுக்கு சுண்ணாம்புக்குப் பதிலா சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளயே நின்னு சுவர் உதிருமே, அதே கதைதான்.

நிறைய பேர் பளபளன்னு பெயிண்ட் அடிச்சாலே ரெஸ்டோரேஷன்னு நினைக்கிறாங்க, ஆனா பல ட்ரெயினருக்கு மஞ்சள் அடிச்சதே அழகுக்கு இல்ல, கத்துக்குட்டி வர்றான் ஒதுங்குன்னு மத்த பைலட்டுக்கு தூரத்துலயே தெரியத்தான்.