உலக சியோனிச அமைப்பு இஸ்ரேல் அரசின் ஒரு துறையா?

இல்லை. யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் ஒரு தாயகம் வேண்டும் என்ற சியோனிசக் கொள்கைக்காக, இஸ்ரேல் உருவாவதற்கு 51 ஆண்டுகள் முன்பே தொடங்கிய தனி அமைப்பு அது.

1897 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், வியன்னா பத்திரிகையாளர் தியோடர் ஹெர்சல் முதல் மாநாட்டைக் கூட்டினார். முதலில் மியூனிக்கில் நடத்தத்தான் திட்டம். அங்கிருந்த யூதத் தலைவர்களே எதிர்த்ததால் இடம் மாறியது. யூதர்கள் எல்லோரும் அன்றே சியோனிசத்தை ஆதரித்தார்கள் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தொடக்க நாளில் பிரதிநிதிகள் கறுப்புக் கோட்டும் வெள்ளை டையும் அணிந்தே வரவேண்டும் என்று ஹெர்சல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு நாடாளுமன்றமே கூடுவதுபோல் உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

உறுப்பினர் சந்தாவுக்கு ஷெக்கல் என்று பெயர், கட்டினால் வாக்குரிமை. அப்புறம் 1899இல் ஒரு வங்கி, 1901இல் பாலஸ்தீனத்தில் நிலம் வாங்க யூத தேசிய நிதி. அந்த நிதி வாங்கிய நிலத்தை விற்காது, குத்தகைக்குத்தான் விடும். எங்கோ வெளியூரில் இருந்த நிலச்சுவான்தார்கள் விற்ற இடங்களில், அதை உழுதுவந்த அரபுக் குடியானவர்கள் பலர் வெளியேற நேர்ந்தது. இதை விட்டுவிட்டு அமைப்பின் கதையைச் சொல்வது நியாயமே இல்லை.

1929இல் யூத முகமை, அதாவது பாலஸ்தீன யூதர்களின் விவகாரங்களைக் கவனித்த அமைப்பு, விரிவாக்கப்பட்டு, அங்கிருந்த பிரிட்டிஷ் ஆட்சியில் கிட்டத்தட்ட நிழல் அரசாகவே இயங்கியது. அதன் தலைவர் பென் குரியன் 1948இல் பிரதமரானார். அமைப்பின் முன்னாள் தலைவர் வைஸ்மன் முதல் குடியரசுத் தலைவரானார்.

சரி, இப்போது? 1952ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தனி அந்தஸ்து தந்தது. ஆனாலும் அதன் குடியேற்றப் பிரிவு, அரசு தரும் பணத்தில், இஸ்ரேல் 1967இல் கைப்பற்றிய மேற்குக் கரைப் பகுதியிலுள்ள யூதக் குடியேற்றங்களுக்கு உதவிவருகிறது.