நாலரை வயதும் நான்கு நிலைகளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருக்கிறேன். வளர்ச்சி உளவியல் தாளில், மனிதர் வளரும் விதத்தை நிலைகளாகப் பிரித்த உளவியலாளர்கள் மூவர்: பியாஜேவுக்கு நான்கு நிலைகள், கோல்பர்குக்கு ஆறு, எரிக்சனுக்கு எட்டு. மூன்றையும் வயதோடு சேர்த்து மனப்பாடம் செய்துவிட்டேன். இதில் யார் சொல்வது சரி என்று கேட்டால் மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை.

பாடத்தில் உள்ள சோதனையை என் மகனிடம் செய்துபார்த்தேன். அவனுக்கு நாலரை வயது. ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் ஊற்றி, ஒன்றை மட்டும் ஒல்லியான, உயரமான டம்ளருக்கு மாற்றினேன். அதில்தான் அதிகம் என்று அடித்துச் சொல்கிறான். அவனைவிடச் சற்று இளைய உறவுக்காரப் பெண் சரியாகச் சொல்லிவிட்டாள். இவன் பின்தங்கியிருக்கிறானா? அப்புறம், முதல் சில வருடங்களில் தவறவிட்டதைப் பிறகு ஈடுகட்டவே முடியாது என்கிறார்களே, அது உண்மையா?

க.

அன்புள்ள க.,

மகன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நாலரை வயதில் அப்படித்தான் சொல்வார்கள். பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு, ஏழு வயதில்தான் பிடிபடுகிறது. அந்தப் பெண் கொஞ்சம் முந்திக்கொண்டாள், அவ்வளவுதான். இல்லையென்றால் வேறு ஏதோ காரணத்தால் ‘சமம்’ என்றிருப்பாள். ‘ஏன்?’ என்று அவளைக் கேட்டீர்களா?

அந்த ‘ஏன்’தான் பியாஜேயின் தொடக்கப்புள்ளி. 1920ஐ ஒட்டிய வருடங்களில் அவர் பாரிஸில் பள்ளிப்பிள்ளைகளுக்கு அறிவுச் சோதனைக் கேள்விகளைக் கொடுத்துப் பார்க்கும் வேலையில் இருந்தார். எத்தனை விடை சரி என்று எண்ணுவதுதான் வேலை. அவருக்கு அது அலுப்பாக இருந்திருக்கிறது. ஆனால் தவறான விடைகளில் ஒரு ஒழுங்கைக் கவனித்தார். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தவறு செய்தார்கள். சின்னப் பிள்ளைகள் பெரியவர்களைவிடக் குறைவாகச் சிந்திப்பதில்லை, வேறு விதமாகச் சிந்திக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். நான்கு நிலைகள் எல்லாம் பிறகு வந்தவை. நீங்கள் நிலைகளிலிருந்து தொடங்கி உங்கள் மகனிடம் வந்திருக்கிறீர்கள். அவர் பிள்ளைகளின் தவறுகளிலிருந்து தொடங்கி நிலைகளுக்குப் போனவர்.

சரி, இப்போது உங்கள் சோதனைக்கு வருவோம். முதலில் ‘இரண்டும் சமமா?’ என்று கேட்டிருப்பீர்கள். ‘ஆமாம்’ என்றிருப்பான். அவன் கண்ணெதிரிலேயே தண்ணீரை மாற்றி ஊற்றிவிட்டு, அதே முகத்தோடு அதே கேள்வியை மறுபடியும் கேட்டிருப்பீர்கள். அவன் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். அம்மா ஒரு கேள்வியை இரண்டாவது முறை கேட்டால் அதற்கு என்ன பொருள்? முதல் பதில் தப்பு, மாற்றிச் சொல் என்பதுதானே வீட்டு வழக்கம்? 1974இல் ரோஸ், பிளாங்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மாற்றியபிறகு ஒரே ஒருமுறை மட்டும் கேட்டுப் பார்த்தார்கள். தவறுகள் குறைந்தன. அதே வருடம் மெக்காரிகிளும் டொனால்ட்சனும் செய்த சோதனை இன்னும் அழகானது. சம எண்ணிக்கையில் இரண்டு வரிசை வில்லைகள். வழக்கமாக ஆய்வாளரே ஒரு வரிசையை நீட்டிவைத்துவிட்டு எதில் அதிகம் என்று கேட்பார். இவர்கள் ஒரு பொம்மைக் கரடியைப் பெட்டியிலிருந்து குதிக்கவிட்டு, அது குறும்பு செய்து வரிசையைக் கலைத்துவிட்டதுபோல நடித்தார்கள். வழக்கமான முறையில் பெரும்பாலான பிள்ளைகள் தவறினார்கள். குறும்புக் கரடி கலைத்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் ‘சமம்தான்’ என்றார்கள். பெரியவர் வேலை மெனக்கெட்டு ஒன்றை மாற்றினால் அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்று பிள்ளை ஊகிக்கிறது. எனக்கு இது மடமையாகத் தெரியவில்லை, சாமர்த்தியமாகத்தான் தெரிகிறது.

அதற்காகப் பியாஜேயைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். கேள்வியை எப்படி மாற்றிக் கேட்டாலும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு இது வராது. அடிபட்டது அவர் சொன்ன வயதுக்கணக்குதான். எது முதலில், எது பிறகு என்ற நிலைகளின் வரிசை பெரும்பாலும் நிற்கிறது. அவருடைய சோதனைகளிலேயே எண்ணிக்கையும் தண்ணீரும் ஆறு, ஏழு வயதில் பிடிபட்டால், உருவம் மாறினாலும் எடை மாறாது என்பது ஒன்பதை ஒட்டித்தான் பிடிபடுகிறது. ஒரே பிள்ளை ஒரு விஷயத்தில் மேலேயும் இன்னொன்றில் கீழேயும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு முடித்து நான்காம் வகுப்புக்குப் போவதுபோல யாரும் ஒரு நிலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. பாடநூல் அட்டவணை மறைப்பது இதைத்தான்.

அறிவு வளர்ச்சியை விடுங்கள், நடப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், துணையின்றி நடக்கத் தொடங்கும் இயல்பான காலம் 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை நீள்கிறது. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழவே இல்லை. அதனால் பிந்துகிறது என்பதற்காக மட்டும் பதற வேண்டாம். ஏற்கெனவே வந்த பேச்சோ நடையோ போய்விட்டால், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் தொடர்ந்து திரும்பாவிட்டால், தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான்கா, ஆறா, எட்டா என்ற சண்டைக்கு இடமே இல்லை. மூவரும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். தர்க்கம் எப்படி மாறுகிறது என்பது பியாஜேயின் கேள்வி. ஒன்று சரி அல்லது தவறு என்பதற்கு ஒருவர் சொல்லும் காரணம் எப்படி மாறுகிறது என்பது கோல்பர்கின் கேள்வி. அவர் தன் நிலைகளைப் பையன்களை மட்டும் பேட்டி கண்டு அமைத்தார். 1982இல் கரோல் கில்லிகன் என்ற உளவியலாளர் அதைக் கடுமையாகவே விமர்சித்தார். எரிக்சன் பேசுவது நான் யார், பிறரோடு எனக்கு என்ன உறவு என்பதைப் பற்றி. வளர்ச்சி இருபது வயதோடு முடிவதில்லை, முதுமைவரை போகிறது என்று சொன்னது அவருடைய பெரிய கொடை. ஆனால் அவருடைய எட்டையும் சோதித்துப் பார்ப்பது கடினம். நான் அவரை விஞ்ஞானியாக அல்ல, நல்ல கவனிப்பாளராகத்தான் படிக்கிறேன்.

உங்கள் பட்டியலில் சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி இல்லாதது எனக்குக் குறையாகப் படுகிறது. வகுப்பறைக்குப் போகப்போகிறவருக்கு அவர்தான் அதிகம் உதவுவார். பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்தவர். 1934இல், 37 வயதில், காசநோயால் இறந்துபோனார். ஒரு பிள்ளை தனியாக என்ன செய்கிறது என்பதைவிட, கொஞ்சம் உதவினால் எதுவரை போகிறது என்பதைப் பார் என்றவர். படத்துண்டுகளைச் சேர்க்கும் பிள்ளையைக் கவனியுங்கள். ஒரு துண்டைத் திணிக்கப் பார்க்கிறது, பொருந்தவில்லை. ‘நேரான ஓரம் உள்ளது எது?’ என்று பக்கத்திலிருப்பவர் கேட்டால் எடுத்துவைக்கிறது. சில நாள் கழித்து யாரும் கேட்காமலே ‘ஓரம்... ஓரம் எங்க?’ என்று தானே முணுமுணுத்துக்கொண்டு தேடுகிறது. இப்படித் தனக்குத்தானே பேசுவதைப் பிறரைக் கருதாத பேச்சு, வளர வளர மறைந்துவிடும் என்றார் பியாஜே. அது மறைவதில்லை, உள்ளே போய்ச் சிந்தனையாகிறது என்றார் வைகாட்ஸ்கி. அவர் இறந்து பல்லாண்டுகள் கழித்து, 1962இல், இந்த இடத்தில் பியாஜேவும் பெருமளவு ஒத்துக்கொண்டார். வகுப்பில் முணுமுணுக்கும் பிள்ளையை ‘வாயை மூடு’ என்று அதட்டும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வி. ‘ஈடுகட்டவே முடியாது’ என்பது வாத்துக்குஞ்சுகளிடமிருந்து வந்த பேச்சு. முட்டையிலிருந்து வெளிவந்த சிறிது நேரத்தில் பார்க்கும் அசையும் பொருளையே அவை தாயாகப் பின்தொடர்வதை விலங்கு நடத்தை ஆய்வாளர் லாரன்ஸ் காட்டினார். மனிதர்களில் கதவு அப்படிப் படாரென்று சாத்தப்படுவதில்லை. ருமேனியாவில் காப்பகங்களில் வளர்ந்த 136 குழந்தைகளில், குலுக்கல் முறையில் தேர்ந்த பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பித் தொடர்ந்து கவனித்தார்கள். 2007இல் வந்த முடிவுகளில், குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவுத்திறன் காப்பகத்திலேயே இருந்தவர்களைவிடக் கூடியிருந்தது. இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களுக்குப் பலன் அதிகம். ஆக, காலம் தாழ்ந்தால் நிச்சயம் கடினமாகிறது. ஆனால் அது சொந்த வீட்டில், பேச ஆளோடு வளரும் பிள்ளைகளைப் பற்றிய கதை அல்ல. தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் வாத்துக்குஞ்சோடு நிறுத்தாமல் இந்த ஆய்வையும் இரண்டு வரி எழுதுங்கள்.