300 டிபிஐ இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்களா?

கேள்வி: கோஸ்டா ரிகா போனபோது ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) ஒன்றைப் படமெடுத்தேன். 24 மெகாபிக்சல் கேமரா, 300 மி.மீ. லென்ஸ். பறவை நடுவில் குட்டியாக விழுந்திருந்தது. சுற்றியிருந்ததை வெட்டியபின் 1800 × 1200 பிக்சல்தான் மிச்சம். அதை 18 × 12 அங்குலத்தில் வரவேற்பறையில் மாட்ட ஆசை. பிரிண்ட் போடும் இடத்தில், “100 டிபிஐதான் வருகிறது, குறைந்தது 300 வேண்டும். தனிக் கட்டணம் கொடுத்தால் ஹெச்டி ஆக்கித் தருகிறோம்” என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம்.

டிபிஐ என்பது படத்துக்குள் ஒளிந்திருக்கும் தரம் அல்ல, வெறும் வகுத்தல் கணக்கு. உங்களிடம் 1800 பிக்சல் இருக்கிறது, அதை 18 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 100. அவ்வளவுதான். 300 என்ற எண் ஏதோ வேதவாக்கு போல நடமாடுகிறது. கையில் பிடித்து ஓரடி தூரத்தில் பார்க்கும் படத்துக்கு அது சரி, அந்தத் தூரத்தில் நம் கண் பிரித்தறிவது ஏறக்குறைய அவ்வளவுதான். தூரம் கூடக் கூடத் தேவை குறையும். இரண்டடிக்கு 150, மூன்றடிக்கு 100. சோபாவில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்ப்பவருக்கு உங்கள் 1800 பிக்சல் போதும். ஆனால் கடைக் கணினியில் இருக்கும் ஆர்டர் படிவத்துக்கு இதெல்லாம் தெரியாது. படம் எங்கே தொங்கப்போகிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தைக் காட்டிவிடும். கவுன்டரில் இருப்பவரும் அதையே படித்துக் காட்டுவார்.

அந்த ‘ஹெச்டி’ என்ன தெரியுமா? சில இடங்களில் கோப்பில் 72 என்றிருக்கும் எண்ணை 300 என்று மாற்றுவதோடு வேலை முடிந்தது. பிக்சல் ஒன்றுகூடக் கூடியிருக்காது. திரும்பி வந்த கோப்பில் இன்னும் 1800 × 1200 இருக்கிறதா என்று பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். வேறு சில இடங்களில் செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் ஓட்டுவார்கள். பிக்சல் கூடும், ஆனால் கூடுவது பறவையின் இறகு அல்ல, இறகு இப்படித்தான் இருக்கும் என்று மென்பொருள் ஊகித்தது. ஓசனிச்சிட்டின் தொண்டையில் செதில் செதிலாக அடுக்கியிருக்கும் சிற்றிறகுகளில்தான் இது அதிகம் சொதப்பும். நானும் ஒருமுறை காசு கொடுத்து ஏமாந்தவன்தான். என் பறவை பிளாஸ்டிக் பொம்மையாகத் திரும்பி வந்தது. வெறுமனே இரண்டு மடங்கு பெரிதாக்க எந்தப் படத்தொகுப்பு மென்பொருளும் போதும், அதற்குத் தனிக் கட்டணம் எதற்கு?

சரி, நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறு விஷயம். எடுத்த படத்தில் பத்தில் ஒரு பங்குகூட இப்போது உங்களிடம் இல்லை. மிஞ்சிய துண்டை அதே தாளுக்கு இழுக்கும்போது, முழுப் படத்தை இழுப்பதைவிட மூன்று மடங்குக்கு மேல் பெரிதாக்குகிறீர்கள். கை நடுங்கியது, ஃபோகஸ் ஒரு நூல் தள்ளி விழுந்தது எல்லாமே அந்த அளவுக்குப் பெரிதாகும். கண் கூர்மையாக விழவில்லை என்றால் ஆயிரம் டிபிஐ இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இதைச் சோதிக்க ஒரு வழி. பறவையின் கண்ணும் அலகும் வரும்படி 600 × 400 பிக்சல் துண்டு ஒன்றை வெட்டி, சாதாரண 6 × 4 அங்குலப் பிரிண்ட் போடுங்கள். 18 × 12 படத்தில் அந்த இடம் எப்படி வருமோ அப்படியே இது வரும். மாட்டப்போகும் சுவரில் ஒட்டி, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். பிடித்தால் போடுங்கள். பிடிக்காவிட்டால் 12 × 8 போட்டு, சுற்றிலும் அகலமான வெள்ளை விளிம்பு விட்டுச் சட்டம் போடுங்கள். துண்டை அசல் கோப்பிலிருந்துதான் வெட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதை எடுத்தால் சோதனையே வீண்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வரவேற்பறை என்கிறீர்கள், ஆனால் எந்தச் சுவர்? சோபாவுக்கு எதிர்ச்சுவர் என்றால் மேலே சொன்னது பொருந்தும். அறைக்குள் நுழையும் நடைபாதைச் சுவர் என்றால் பொருந்தாது, அங்கே யாரும் மூன்றடி தள்ளி நிற்க முடியாது. மாடிப்படிச் சுவரும் அப்படித்தான். சாப்பாட்டு மேசையை ஒட்டிய சுவர் அதைவிட மோசம், உட்கார்ந்தவர் முகத்துக்கு நேரே படம். படம் பெரிது என்பதால் தூரம் தானாக வந்துவிடாது, தூரத்தைத் தருவது அறைதான். அங்கெல்லாம் படிவம் கேட்ட 300 கிட்டத்தட்ட நியாயம். அந்தப் படிவத்தை எழுதியவர் இதெல்லாம் தெரிந்து எழுதவில்லை என்பது வேறு விஷயம். அப்படிப்பட்ட சுவர் என்றால் 9 × 6-க்கு மேல் போகாதீர்கள்.

தொண்டையின் மினுமினுப்பு தாளில் மங்கித்தான் வரும். அது சாயம் அல்ல, இறகின் நுண்ணமைப்பில் பட்டு ஒளி திரும்புவதால் தெரியும் நிறம். அச்சு மைக்கு அது எட்டாது. பளபளப்பான தாள் கொஞ்சம் உதவும், மேட் தாள் வேண்டாம்.

அடுத்த பயணத்துக்கு முன் பெரிய லென்ஸ் வாங்கச் சொல்லி யாராவது வருவார்கள். கேட்காதீர்கள், கிட்டே போங்கள். இந்தப் பறவைகளில் பல, தம் பூக்களைக் காவல் காக்க ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வந்து உட்காரும். அந்தக் கிளையில் ஃபோகஸ் வைத்து அசையாமல் காத்திருந்தால் பறவை பெரிதாக விழும், வெட்டும் வேலையும் குறையும். இறக்கை மங்கினால் மங்கட்டும், சிவப்புத்தொண்டை ஓசனிச்சிட்டு நொடிக்கு 50 தடவை போல அடிக்கிறது. அப்புறம், சத்தமில்லாமல் எடுக்கிறேன் என்று எலக்ட்ரானிக் ஷட்டர் போடாதீர்கள், பெரும்பாலான கேமராக்களில் அது படத்தை வரிவரியாகப் பதிவதால் இறக்கை வளைந்து விழும்.